ஜெனரலுக்கு இன்னொரு பலகை எதற்கு?

நான்கு நட்சத்திரப் பதவிவரை போன ஒரு ராணுவ அதிகாரிக்கு, அவர் படித்த பல்கலைக்கழகம் ஒரு பித்தளைப் பலகை மாட்டுகிறது. அதனால் அவருக்கு என்ன கூடிவிடப் போகிறது? சட்டை நிறையப் பதக்கப் பட்டைகள் இருக்கின்றன, ஓய்வூதியம் இருக்கிறது, காலமான பிறகு ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இருக்கிறது. தன் ஆட்களைக் கௌரவிப்பதில் அமெரிக்க ராணுவம் ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. அப்படியிருக்க, பல்கலைக்கழகம் தனியாக ஒரு விழா எடுத்து, அதே ஆளை மேடையேற்றி, அதே பதவிகளை அதே வரிசையில் ஏன் வாசிக்க வேண்டும்?

கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறும் ஆர்ஓடிசி திட்டத்தில் மகள் சேர்ந்த பிறகு, இந்த மாதிரி விழாக்களில் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் முளைத்த கேள்வி இது. கொஞ்சம் வம்புக் கேள்விதான். விருந்து முடிந்து வண்டியில் திரும்பும்போது மகளிடம் கேட்டும் பார்த்தேன். "அவ்வளவு பெரிய ஜெனரல் வந்து பேசினாரே, எப்படி இருந்தது?"

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்ப்பா ஞாபகம் இருக்கு. கேடட்டா இருந்தப்போ லேண்ட் நேவிகேஷன் டெஸ்ட்ல முதல் தடவை ஃபெயிலாம் அவர்."

வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் குறித்த இடங்களைக் கண்டுபிடிக்கிற சோதனை அது. மகளுக்கு அப்போது அந்தச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெனரல் ஈராக்கில் என்ன செய்தார் என்பது அவள் காதில் ஏறவே இல்லை.

"என்சிசி மாதிரியா?" என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். சீருடை, அணிவகுப்பு வரைக்கும் ஒற்றுமை உண்டு. ஆனால் என்சிசியில் இருந்தவர் படைக்குப் போயே தீரவேண்டும் என்றில்லை. ஆர்ஓடிசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மாணவர், பட்டம் வாங்கும்போதே செகண்ட் லெப்டினன்ட் ஆகிவிடுகிறார். முழுநேரப் பணியோ, ரிசர்வ் படையோ, இரண்டும் கலந்தோ, மொத்தம் எட்டு ஆண்டுக் கடமை அவர் தலையில் ஏறுகிறது. மற்றபடி அவர் சாதாரணக் கல்லூரி மாணவர்தான். விடிவதற்கு முன் ஓடிவிட்டு, குளித்துவிட்டு, வேதியியல் வகுப்பில் போய்த் தூங்குவார்.

இந்தத் திட்டத்துக்கு இப்போதைய வடிவம் தந்தது, 1916 ஜூன் 3 அன்று அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டம். வேர் அதைவிடப் பழையது. லிங்கன் காலத்தில், 1862-இல் வந்த மாரில் சட்டம் கல்லூரிகள் தொடங்க மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. விவசாயம், பொறியியலோடு ராணுவப் பயிற்சியும் அங்கே கற்றுத்தரப்பட வேண்டும் என்றது. அதற்கும் முன்னால், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் தலைவராக இருந்து வெளியேறிய ஆல்டன் பார்ட்ரிட்ஜ், 1819-இல் வெர்மான்ட்டில் ஒரு பள்ளி தொடங்கினார். இன்றைய நார்விச் பல்கலைக்கழகம் அதுதான். ராணுவ அதிகாரிகள் தனிச் சாதியாக வளரக்கூடாது. கவிதை படிப்பவனும் கட்டடம் கட்டப் படிப்பவனும் உட்காரும் அதே பெஞ்சிலிருந்து அவர்கள் வரவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அந்த எண்ணம் பலித்துவிட்டது. அமெரிக்கத் தரைப்படைக்குப் புதிய அதிகாரிகளை அதிகமாக அனுப்புவது இன்று வெஸ்ட் பாயின்ட் அல்ல, ஆர்ஓடிசிதான். முப்படைகளின் கூட்டுத் தளபதிகள் குழுவுக்குத் தலைவரானவர்களைப் பாருங்கள்: நியூயார்க் சிட்டி காலேஜின் காலின் பவல், வட கரோலினா ஸ்டேட்டின் ஹியூ ஷெல்டன், கேன்சஸ் ஸ்டேட்டின் ரிச்சர்ட் மையர்ஸ், பிரின்ஸ்டனின் மார்க் மில்லி, டெக்சஸ் டெக்கின் சார்ல்ஸ் பிரவுன். எல்லோரும் இந்த வழியாக வந்தவர்கள். திட்டத்தின் நூற்றாண்டான 2016-இல் தரைப்படை ஆர்ஓடிசிக்கென்று கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் தேசிய அளவிலேயே ஒரு கௌரவப் பட்டியல் தொடங்கினார்கள். முதல் தடவையிலேயே 300-க்கும் மேற்பட்ட பெயர்கள் ஏறின. பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் பட்டியல்கள் தனி.

பட்டியல் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அளவுகோல்தான் உறுத்துகிறது. நான் பார்த்த பலகைகளில் பெரும்பாலானவை பதவி உயர்வு ஆணைபோல இருந்தன. எந்த ஆண்டில் எந்தப் படைப்பிரிவு, எந்தப் பதக்கம், எந்தத் தளத்தில் ஓய்வு. இதையெல்லாம் ராணுவம் ஏற்கெனவே கோப்பில் எழுதி முத்திரை குத்திவிட்டது. அந்த மனிதருக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது இந்த வளாகத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் ராணுவத்துக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே இடம் பல்கலைக்கழகம். அது அதைச் சொல்வதில்லை.

காலின் பவலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். 1954-இல் சிட்டி காலேஜில் சேர்ந்தார். பொறியியல் ஒத்துவரவில்லை என்று புவியியலுக்கு, அதாவது பாறையும் மண்ணும் படிக்கிற ஜியாலஜிக்கு மாறினார். அதிலும் மதிப்பெண் சுமார்தான். முழு மதிப்பெண் வாங்கியது ஆர்ஓடிசி வகுப்பில் மட்டும். வளாகத்தில் பெர்ஷிங் ரைஃபிள்ஸ் என்ற அணியினர் தோளில் கயிறு தொங்கும் சீருடையோடு நடந்துபோவதைப் பார்த்து, அதில் போய்ச் சேர்ந்தவர். அங்கே அவருக்கு முன்மாதிரியாக இருந்தது ரோனி புரூக்ஸ் என்ற மூத்த மாணவர். அவரைப் போல ஆகவேண்டும் என்று நினைத்ததைப் பவல் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 1958-இல் கமிஷன், அதாவது ராணுவ அதிகாரியாக நியமனம். 1989-இல் கூட்டுத் தளபதிகள் குழுவின் தலைவர். அந்த நாற்காலிக்கு ஆர்ஓடிசியிலிருந்து வந்த முதல் ஆள்.

ஒரு கேடட் தினமும் கடந்துபோகும் சுவரில் பவலுக்கு ஒரு பலகை மாட்டச் சொன்னால், பதக்கங்களை விட்டுவிட்டு அவருடைய மதிப்பெண் பட்டியலை மாட்டச் சொல்வேன். பக்கத்தில் ரோனி புரூக்ஸின் பெயர் இருக்க வேண்டும். இன்னொன்றும்: அந்தக் கல்லூரியின் ஆர்ஓடிசி 1972-இல் மூடப்பட்டு, 2013-இல்தான் திரும்பி வந்தது. தன்னை ஆளாக்கிய திட்டம் கல்லூரியிலேயே இல்லாத காலத்தில்தான் பவல் தளபதியாகவும் பிறகு வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார்.

பெர்ஷிங் ரைஃபிள்ஸ் என்ற பெயர் வந்த கதை இந்தக் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 1891-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு ஜான் பெர்ஷிங் என்ற குதிரைப்படை அதிகாரி ராணுவப் பயிற்சி ஆசிரியராக வந்தார். முப்பதைத் தாண்டியும் லெப்டினன்ட்தான். பதவி உயர்வு ஆமை வேகத்தில் நகர்ந்த காலம் அது; வக்கீலாகிவிடலாமா என்று அவரே யோசித்து, வேலை பார்த்துக்கொண்டே அங்கேயே சட்டப் பட்டமும் வாங்கினார். அசிரத்தையாக அணிவகுத்துக்கொண்டிருந்த மாணவர்களைப் பிடித்து உலுக்கி, 1892-இல் ஒமாஹாவில் நடந்த அணிவகுப்புப் போட்டிக்குக் கூட்டிப்போனார். ஜெயித்தார்கள். அவர் கிளம்பும் நேரத்தில், நினைவாக அவருடைய பழைய குதிரைப்படைக் காற்சட்டையைக் கேட்டு வாங்கித் துண்டாக்கி எல்லோரும் குத்திக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அணிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

முதல் உலகப் போரில் ஐரோப்பா போன அமெரிக்கப் படைகளுக்கு அவர் தளபதியானது 1917-இல். நெப்ராஸ்காவிலிருந்து கிளம்பும்போது அவர் தோளில் பெரிய பதவி எதுவும் இல்லை. தங்களுக்கு அவர் என்ன செய்தார் என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கான மரியாதையை அவர்களே முடிவு செய்தார்கள். பல்கலைக்கழகம் செய்யக்கூடிய கௌரவத்துக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் குழு கிடையாது, படிவம் கிடையாது.

இதே வகையில் இன்னொரு வழக்கம் இன்றும் நடக்கிறது. கமிஷன் விழாவில் புதிய அதிகாரியின் தோளில் பெற்றோர் தங்கநிறப் பட்டையைக் குத்துவார்கள். (எனக்குக் கை நடுங்கியது, மனைவிதான் குத்தினாள்.) அதன்பின், அதிகாரி அல்லாத ஒரு படைவீரர், பெரும்பாலும் பயிற்சி தந்த சார்ஜென்ட், எதிரில் வந்து நின்று சல்யூட் அடிப்பார். அது அந்த அதிகாரிக்கு வாழ்க்கையில் கிடைக்கும் முதல் சல்யூட். பதிலுக்கு அவர் ஒரு வெள்ளி டாலரைக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, போர்களைப் பார்த்துவிட்டு வந்த ஒரு மாஸ்டர் சார்ஜென்ட் சல்யூட் அடிக்கிறார். அவளோ காசைக் கொடுத்துவிட்டு அழுதுவிடாமல் இருக்கப் பார்க்கிறாள். அவளைக் காலை ஐந்தரைக்கு வந்து நிற்கவைத்து, முதுகுப்பையின் வாரை எப்படி இறுக்குவது என்பதிலிருந்து கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் பெயர் எந்தச் சுவரிலும் ஏறாது. வந்த இடத்தில் சில வருஷம் இருந்துவிட்டு அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

சீருடைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். திட்டத்தை நடத்தும் லெப்டினன்ட் கர்னல்கூடப் பொதுவாக மூன்று வருஷத்தில் மாறிவிடுவார். மாறாதவர்கள் சீருடை போடாதவர்கள்: ஒப்பந்தக் காகிதங்களையும் மருத்துவக் கோப்புகளையும் பார்க்கும் அலுவலக ஊழியர், பூட்ஸ் அளவு கேட்டுக் கொடுக்கும் கிடங்குக்காரர், களப்பயிற்சிக்குப் போன கேடட்டுக்கு மறுதேர்வு வைக்கச் சம்மதிக்கிற பேராசிரியர். விழா அழைப்பிதழ்களில் ஆதரவாளர்கள் என்று ஒரு வரி வரும், பெரும்பாலும் கடைசியில். அந்த வரிக்குள் அடங்குவது பணம் கொடுத்தவர்கள்.

பணம் கொடுப்பவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. தரைப்படை ஆர்ஓடிசி உதவித்தொகை ஒன்று படிப்புக் கட்டணத்தைக் கட்டும், இல்லாவிட்டால் தங்கும் செலவையும் உணவுச் செலவையும் கட்டும்; இரண்டையும் சேர்த்துக் கட்டாது. கட்டணத்துக்கு அதை வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு விடுதிச் செலவு தனியாக நிற்கும். மாதப் படி 420 டாலர் அமெரிக்க விடுதிக் கட்டணத்துக்கு எம்மாத்திரம்? இந்த இடைவெளியைப் பல இடங்களில் நிரப்புவது பல்கலைக்கழகமும் முன்னாள் மாணவர்களின் அறக்கட்டளைகளும்தான். அவர்கள் இல்லாவிட்டால் சில பிள்ளைகள் முதல் செமஸ்டரோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆதரவு என்றால் என்ன என்பதற்கு ஹார்வர்டில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வியட்நாம் போர் எதிர்ப்பு உச்சத்தில் இருந்த 1969-க்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் ஆர்ஓடிசியை வளாகத்திலிருந்து வெளியேற்றியது. படையில் சேர விரும்பிய ஹார்வர்ட் மாணவர்கள் பக்கத்திலிருக்கும் எம்ஐடிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். 1990-களில், ஓரினச்சேர்க்கையாளரைப் படை ஒதுக்குகிறது என்ற காரணத்தால், எம்ஐடிக்குக் கொடுத்துவந்த கட்டணத்தையும் ஹார்வர்ட் நிறுத்திக்கொண்டது. அந்தக் காரணம் நியாயமானதுதான் என்பது என் கருத்து. ஆனால் அதன் சுமை இறங்கியது சட்டம் போட்டவர்கள் தலையில் அல்ல, விடியற்காலை ஆற்றோரமாக எம்ஐடிக்குப் போய்க்கொண்டிருந்த சில மாணவர்கள் தலையில். அப்போது அந்தச் செலவை ஏற்றுக்கொண்டவர்கள் பெயர் சொல்ல விரும்பாத முன்னாள் மாணவர்கள் சிலர். வருஷக்கணக்காகக் கட்டினார்கள். ஓரினச்சேர்க்கையாளரை ஒதுக்கிய அந்தச் சட்டத்தை நீக்க 2010 டிசம்பரில் முடிவான பிறகு, கடற்படை ஆர்ஓடிசி ஹார்வர்டுக்குத் திரும்புவதற்கான ஒப்பந்தம் 2011 மார்ச்சில் கையெழுத்தானது. பெயர் வேண்டாம் என்றவர்களை எந்தச் சுவரில் எழுதுவது? "பெயர் சொல்லாதவர்கள்" என்று எழுதி ஒரு பலகை மாட்டினால் நானே போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஹவாயில் நடந்தது இதைவிடப் பெரிய விஷயம். 1941 டிசம்பர் 7, பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்றே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆர்ஓடிசி மாணவர்கள் துப்பாக்கியோடு அழைக்கப்பட்டார்கள். வான்குடை வீரர்கள் இறங்கியிருப்பதாக வந்த புரளியை நம்பி, பல்கலைக்கழகத்துக்கு மேலே இருக்கும் மலைச்சரிவுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு ஹவாய்ப் பிரதேசக் காவற்படையில் சேர்ந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் ஜப்பானிய வம்சாவளியினர். 1942 ஜனவரியில், வம்சம் ஒன்றையே காரணமாக வைத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மனம் உடைந்துபோயிருந்த அந்த இளைஞர்களிடம் வந்து பேசியவர், ஒய்எம்சிஏவில் பணியாற்றிய ஹங் வாய் சிங் என்ற சீன வம்சாவளியினர். துப்பாக்கி தரமாட்டார்களா, மண்வெட்டி தரச்சொல்லிக் கேளுங்கள் என்பதுதான் அவர் யோசனையின் சாரம். ராணுவ ஆளுநருக்கு மனுப் போட்டார்கள். 169 பேர் கொண்ட வார்சிட்டி விக்டரி வாலண்டியர்ஸ் என்ற குழு உருவானது. ஸ்கோஃபீல்ட் பாரக்ஸ் என்ற ராணுவத் தளத்தில் பொறியாளர் படையோடு சேர்ந்து கல் உடைத்தார்கள், சாலை போட்டார்கள், குடிசைகள் கட்டினார்கள். அதிகாரியாவதற்குப் படித்தவர்கள் கூலிவேலை பார்த்தார்கள். 1943 தொடக்கத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களுக்கென்று 442-ஆம் படைப்பிரிவு அமைந்தபோது, குழுவைக் கலைத்துவிட்டுப் பெரும்பாலானோர் அதில் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த ஆர்ஓடிசி மாணவர்களில் டேனியல் பெட்சுயி, ஜென்ஹட்சு சினென், ராபர்ட் முராட்டா, குரோவர் நகாஜி, அகியோ நிஷிகாவா, ஹிரோய்ச்சி டொமிட்டா, ஹோவர்ட் உராபே ஆகிய ஏழு பேர் ஐரோப்பியப் போர்முனையில் உயிர்விட்டார்கள். படிப்பு தடைப்படாமல் இருந்திருந்தால் அவர்கள் அதிகாரிகளாகப் போயிருப்பார்கள். 2024 ஜூனில், ஹவாயில் நடந்த ஒரு விழாவில், ராணுவம் அவர்களுக்குச் செகண்ட் லெப்டினன்ட் பதவி வழங்கியது. எண்பது ஆண்டு தாமதம். ஆனாலும் நான் அறிந்த கௌரவங்களில் இதுதான் மிகச் சரியானது. புகழுரையும் அடுக்குமொழியும் ஒருபக்கம் இருக்க, அவர்களுக்குச் சேரவேண்டியிருந்து தடுக்கப்பட்ட ஒன்றை, அதே அளவில், அதே பெயரில் கொடுத்தார்கள். ஜெனரல் ஆக்கவில்லை, செகண்ட் லெப்டினன்ட்தான்.

விழா விருந்துகளைக் கிண்டல் செய்வது எளிது. ராணுவ விருந்துகளில் கண்டதையும் ஊற்றிக் கலக்கி, விதி மீறியவரைக் குடிக்கவைக்கும் ஒரு பெரிய கிண்ணம் உண்டு. அதில் ஒருமுறை பூட்ஸ் கயிறு மிதந்ததைப் பார்த்தேன். ஆனால் அதே கூடத்தின் ஓரத்தில் யாரும் உட்காராத ஒரு சின்ன மேசையும் இருக்கும். வெள்ளை விரிப்பு, ஒற்றை ரோஜா, தட்டில் எலுமிச்சைத் துண்டு, கொஞ்சம் உப்பு, கவிழ்த்துவைத்த கோப்பை, காலி நாற்காலி. திரும்பி வராதவர்களுக்கான இடம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இதையே இன்னும் விரிவாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 21 அன்றும் அந்த ஆண்டில் இறந்த முன்னாள் மாணவர்களின் பெயர்களை வருகைப்பதிவு போல அழைக்கிறார்கள். இறந்தவருக்குப் பதிலாக உறவினரோ நண்பரோ "இங்கே" என்று குரல் கொடுக்கிறார். படையில் இருந்தவரா, எந்தப் பதவி என்றெல்லாம் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு 20,000 பேருக்கு மேல் அனுப்பிய பல்கலைக்கழகம் அது. பதவி வரிசைப்படி கூப்பிட ஆரம்பித்திருந்தால் எங்கே முடித்திருப்பார்கள்?

பதவியை அளவாக வைத்தால் விடுபட்டுப் போகிறவர்களை நினைக்கும்போதெல்லாம் ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஞாபகத்துக்கு வரும். போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது, 1970 மே 2 இரவு அங்கிருந்த ஆர்ஓடிசி கட்டடம் எரிக்கப்பட்டது. மே 4 அன்று தேசியக் காவற்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் ஷ்ரோடர், பத்தொன்பது வயது, ஆர்ஓடிசி உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்தவர். கட்டடம் எரிந்ததைச் சொல்பவர்களும் மாணவர்கள் செத்ததைச் சொல்பவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்ற நாட்டில், இரண்டு கதைக்குள்ளும் இருந்த பையன் அவர். கமிஷன் வாங்கவில்லை, போர்க்களம் பார்க்கவில்லை. நான் பார்த்த எந்த விதிமுறையின்படியும் தகுதி பெறமாட்டார். அவர் விழுந்த இடத்தில், கார் நிறுத்துமிடத்தில், ஓர் அடையாளக் கல் இருக்கிறது. அதைப் பதித்தது பல்கலைக்கழகம். ராணுவத்தால் அதைச் செய்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜெனரலுக்குப் பலகை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மாட்டுங்கள். முதல் தடவை லேண்ட் நேவிகேஷனில் தோற்றார் என்று அதில் ஒரு வரி சேருங்கள். யார் அவரை மறுபடி காட்டுக்குள் அனுப்பினார் என்று இன்னொரு வரி.

மகளின் பல்கலைக்கழகத்தில் கௌரவப் பட்டியலுக்கான இந்த ஆண்டுப் பரிந்துரைப் படிவம் வந்திருக்கிறது. நானும் அவளும் சேர்ந்து ஒரு பெயரை அனுப்புகிறோம்: ஆர்ஓடிசி அலுவலகத்தில் பல வருஷம் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. மகளின் மருத்துவத் தகுதிக் கோப்பு சிறுவயது ஆஸ்துமாவைக் காரணம் காட்டித் திரும்பத் திரும்ப வந்தபோது, ஒவ்வொரு முறையும் எந்தக் காகிதம் குறைகிறது என்று கண்டுபிடித்து, ஆளை விரட்டி வாங்கி அனுப்பியவர். படிவத்தில் "ஓய்வுபெற்றபோது வகித்த பதவிநிலை" என்று ஒரு கட்டம். கோடு போட்டுவிட்டேன். "பெற்ற பதக்கங்கள்", அதற்கும் கோடு. "திட்டத்துக்கு ஆற்றிய பணி" என்ற கட்டத்துக்கு மூன்று வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள், அதனால் தனித் தாள் இணைத்திருக்கிறோம். ஆதரவுக் கடிதங்கள் மகளோடு படித்தவர்களிடமிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. கொரியாவிலிருந்து ஒன்று, ஜெர்மனியிலிருந்து ஒன்று. ஒருவன் மட்டும் அந்த அம்மாவின் குடும்பப் பெயரைத் தப்பான எழுத்தில் எழுதியிருக்கிறான். அவனை இன்று ராத்திரி கூப்பிட்டுத் திருத்தச் சொல்வதாக மகள் சொல்லியிருக்கிறாள்.